கல்ஃப் நீலம் யார் வீட்டு நீலம்?

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன் மக்களே. இது சண்டைப் பதிவு. யார் மனசையும் புண்படுத்தும் நோக்கமில்லைன்னு டிஸ்கி எல்லாம் போடப் போறதில்ல. கொஞ்சம் புண்படட்டும்னுதான் எழுதுறேன்.

விஷயம் இதுதான். நம்ம வலையுலகக் கார்ப் பைத்தியங்கள் சிலர் கொஞ்ச நாளா ஒரே ஆசையை மாத்தி மாத்திப் பதிவா போட்டுத் தள்ளுறாங்க. ஆஸ்திரேலியாவில் சாண்டவுன் 500 பந்தயத்தை 'ரெட்ரோ ரவுண்டு'ன்னு நடத்தின மாதிரி, நம்ம இருங்காட்டுக்கோட்டையிலும் பழைய காலத்து வர்ணம் அடிச்ச கார்களை வச்சு ஒரு நீண்ட தூரப் பந்தயம் நடத்தணுமாம். நல்ல ஆசை. நானும் ரெண்டு கையையும் தூக்குறேன். ஆனா கூடவே மாதிரிக்குன்னு படம் வரைஞ்சு போட்டிருக்காங்க பாருங்க, அங்கதான் வம்பு. கல்ஃப் கம்பெனி நீலத்துல ஒரு போலோ. மார்ட்டினி பட்டை ஓட்டுன வென்ட்டோ. கறுப்பும் தங்கமுமா ஜான் பிளேயர் சிகரெட் கலர்ல ஒரு எட்டியாஸ். கீழே வரிசையா 'தல கலக்கிட்டீங்க', 'புல்லரிக்குது'.

எனக்குப் புல்லரிக்கல. எரிச்சலாத்தான் வந்தது. ரெட்ரோன்னா பழசு. சரி, யாரோட பழசு?

சாண்டவுன் பத்தித் தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம். மெல்போர்ன் நகரத்தோட தென்கிழக்குல, குதிரைப் பந்தய மைதானத்தைச் சுத்திப் போட்ட தடம் அது. 1964லயே அங்க ஆறு மணி நேரக் கார் பந்தயம் நடந்திருக்கு. இப்ப நாம பேசுறது 500 கிலோமீட்டர் பந்தயம். ஒரு காருக்கு ரெண்டு டிரைவர், மாத்தி மாத்தி ஓட்டணும். ரொம்ப வருஷமா பாதர்ஸ்ட் 1000ன்ற பெரிய பந்தயத்துக்கு முன்னாடி வர்ற ஒத்திகை மாதிரி இருந்தது. 2016 செப்டம்பர்ல அதை ரெட்ரோ ரவுண்டா நடத்துனாங்க. டீமுங்க பழைய பந்தயக் கார்களோட வர்ணத்தைத் தங்களோட புதுக் காருக்கு அடிச்சுட்டு வந்தாங்க. அதுக்கு முந்தின வருஷமே அமெரிக்காவுல டார்லிங்டன் தடத்துல நாஸ்கார்காரங்க இதே கூத்தை ஆரம்பிச்சிருந்தாங்க. ரெண்டுமே சக்கைப்போடு போட்டுச்சு.

ஏன் போட்டுச்சு? இதை நம்ம ஆளுங்க ஒருத்தர்கூடக் கேக்கல. ஸ்டிக்கர் அழகா இருந்ததாலயா?

2016 செப்டம்பர்னு சொன்னேன் இல்லையா. அடுத்த மாசம், அதாவது 2016 அக்டோபர்ல, ஃபோர்டு கம்பெனி ஆஸ்திரேலியாவுல கார் தயாரிக்கிறதை நிறுத்திடுச்சு. அந்தத் தொழிற்சாலையும் அதே மெல்போர்ன்லதான். சரியா ஒரு வருஷம் கழிச்சு 2017 அக்டோபர்ல ஹோல்டன் தொழிற்சாலையையும் பூட்டியாச்சு. 2020ல ஹோல்டன்ற பேரையே எடுத்துட்டாங்க. அந்த நாட்டுல ஹோல்டன் வீடு, ஃபோர்டு வீடுன்னு குடும்பம் குடும்பமாப் பிரிஞ்சு கிடந்த சனங்க அவங்க. அப்பா ஓட்டின கார் எதுவோ அதே கார்தான் பாதர்ஸ்ட் மலையிலயும் ஓடுச்சு. 1963ல அந்த மலைக்குப் பந்தயம் வந்தப்ப, கடையில விக்கிற காரைத்தான் ஓட்டணும்னு விதி. அதனால பந்தயக் காருக்கும் வீட்டு வாசல்ல நிக்கிற காருக்கும் உறவு இருந்தது. பீட்டர் பிராக்னு ஒரு டிரைவர், பாதர்ஸ்ட்ல ஒன்பது தடவை ஜெயிச்சவர். அவர் கார் நம்பர் 05. குடிச்சுட்டு வண்டி ஓட்டாதேன்னு சொல்ற பிரச்சாரத்துக்காக, ரத்தத்துல இருக்கலாம்னு சட்டம் அனுமதிக்கிற மது அளவான .05ஐ நம்பராப் போட்டுக்கிட்டார். 2006ல செத்துப் போனார். இன்னைக்கும் அந்த 05ஐப் பாத்தா அங்க நாப்பது அம்பது வயசு ஆளுக்குக் கண்ணு கலங்கும்.

ஆக, சாண்டவுன்ல ஓடினது துக்க வீட்டு ஊர்வலம். மூடப் போற தொழிற்சாலைக்கு அந்த ஊரே சேர்ந்து கொடுத்த மரியாதை. அந்தக் கலரை இருபது பேர் பாத்தா இருபது பேருக்கும் ஒரு கதை இருக்கும்.

இப்ப நம்ம கல்ஃப் நீலப் போலோவுக்கு வருவோம். வெளிர் நீலமும் ஆரஞ்சுப் பட்டையும். அந்தக் கலர்ல ஓடின ஒரே ஃபோர்டு ஜிடி40 கார்தான் 1968லயும் 1969லயும் லெமான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்துல ஜெயிச்சது. அப்புறம் 1971ல ஸ்டீவ் மெக்வீன் நடிச்ச படத்துல அதே கலர்ல போர்ஷே வந்துச்சு. உலகத்துக்கே பிடிச்சுப் போச்சு. ஒத்துக்கறேன், கண்ணுக்கு அழகுதான். ஆனா வண்ணார்பேட்டை பாலத்துல அந்தக் கலர்ல ஒரு ஸ்விஃப்ட் போறதைப் பாக்குறப்ப யாருக்கு என்ன ஞாபகம் வரும்? ஸ்டிக்கர் கடை அண்ணாச்சிக்குப் பில்லு ஞாபகம் வரும்.

'கல்ஃப் ஆயில் கம்பெனியே இப்ப இந்துஜா குழுமத்தோடதுதானே, நம்மாளுதானே'ன்னு ஒரு அதிமேதாவி பின்னூட்டம் போடுவார், தெரியும். கம்பெனியை வாங்கலாம்ணே. அடுத்தவன் வீட்டு ஆல்பத்தை விலைக்கு வாங்கிட்டு வந்தா அதுல இருக்கிற தாத்தா நம்ம தாத்தா ஆயிருவாரா? ஜான் பிளேயர் கலர் போட்ட புண்ணியவானுக்கு இன்னொண்ணு. 2003 சட்டப்படி இந்தியாவுல சிகரெட் விளம்பரம் தடை. உங்க எட்டியாஸ் தடத்துக்குள்ள நுழையறதுக்கு முன்னாடியே கோர்ட்டுக்குப் போயிரும்.

'நமக்குத்தான் பழசுன்னு ஒண்ணு இல்லையே, வேற என்ன பண்ண'ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். இந்த ஒரு வரிக்காகத்தான் ஆணி புடுங்குற வேலையை ஓரமா வச்சுட்டு இதை எழுதிட்டு இருக்கேன்.

பழசு இல்லையா? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல ஆரம்பிச்சது. சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, சோழவரத்துல இரண்டாம் உலகப் போர் காலத்து விமான ஓடுதளம் ஒண்ணு இருந்தது. அதுலதான் பந்தயம். 1990ல இருங்காட்டுக்கோட்டை தடம் வர்ற வரைக்கும் மதராஸ் கார் பந்தயம்னா சோழவரம்தான். வெயிலு, புழுதி, கயித்துக்கு அந்தப் பக்கம் காரு, இந்தப் பக்கம் சனம். வெளிநாட்டுக் காரும் ஓடுச்சு, விஜய் மல்லையா மாதிரிப் பெரிய இடத்துப் பிள்ளைகளும் ஓட்டினாங்க. ஆனா என் கணக்குல அசல் விஷயம் அது இல்ல. ஃபியட் 1100ம் அம்பாசிடரும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அங்க ஓடுச்சே, அதுதான்.

இந்த மூணையும் கொஞ்சம் பாருங்க. ஃபியட்ல 1089 சிசி எஞ்சின். பின்னாடி பத்மினின்னு பேர் மாத்தி, இந்த நூற்றாண்டு பிறக்கிற வரைக்கும் தயாரிச்சாங்க. அம்பாசிடர் 2014 வரைக்கும் வந்தது. ஹெரால்டு நம்ம வண்டலூர்ப் பக்கத்துல, ஸ்டாண்டர்டு கம்பெனி செஞ்ச வண்டி. 948 சிசி. அதோட போனட்டு சாதாரணமாத் திறக்காது, முகம் முழுசும் அப்படியே முன்பக்கமாச் சாயும். எஞ்சினைச் சுத்தி நின்னு வேலை பாக்க அதைவிட வசதியான வண்டி கிடையாதும்பாங்க. டாக்டர்னா ஃபியட், மந்திரின்னா அம்பாசிடர்னு நம்ம ஊர்ல ஒரு காலம் இருந்துச்சே, அந்த வண்டிகளோட சீட்டைக் கழட்டி, ஹெட்டைச் சீவி, கார்ப்பரேட்டரை மாத்தி, நம்பரை எழுதி ஓட்டினாங்க. பாதர்ஸ்ட்ல இருந்த அதே உறவு. தெருவுல நிக்கிற காரும் தடத்துல ஓடுற காரும் ஒண்ணு.

கோயம்புத்தூர் கரிவரதன் 1980களோட கடைசியில மாருதி 800 எஞ்சினை வச்சே ஃபார்முலா மாருதின்னு ஒத்தை சீட்டுப் பந்தயக் கார் பண்ணினார். ஏழைக்குன்னு சொல்ல மாட்டேன், ஆனா வெளிநாட்டுல இருந்து இறக்குமதி பண்ண வசதியில்லாத பையனுக்கும் வழி திறந்தது. 1995ல விமான விபத்துல போயிட்டார். செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பேர்லதான் இருக்கு. 2005ல ஜோர்டான் டீம்ல ஃபார்முலா ஒன் ஓட்டின நரேன் கார்த்திகேயனும் அதே கோயம்புத்தூர். இத்தனைக்கும் அப்புறம் பழசு இல்லையாம்.

இருக்கு. நாம எழுதி வைக்கலை. அவ்ளோதான்.

எங்க வீட்டு ஆல்பத்துல ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கு. பெரியப்பா மெட்ராஸ்ல வேலை பாத்தப்ப சோழவரத்துல எடுத்தது. ஒரு ஹெரால்டு, கதவுல வட்டத்துக்குள்ள நம்பர், பக்கத்துல பெல்பாட்டம் போட்ட ரெண்டு பேர். போன பொங்கலுக்கு அதை எடுத்து வச்சுக்கிட்டு அந்தக் கார் என்ன கலர்னு கேட்டேன். பெரியப்பாவோட சினேகிதர், பாளையங்கோட்டையில ரொம்ப வருஷம் ஒர்க்ஷாப் வச்சிருந்த மேஸ்திரி ஒருத்தரும் அப்ப வீட்டுல இருந்தார். அவரும் அந்தக் காலத்துல மெட்ராஸ்ல வேலை பழகினவர்.

"செவப்புல்லா அது. கயித்தோரமா நின்னு பாத்தேன்"னார் பெரியப்பா.

"என்ன அண்ணாச்சி பேசுதிய? பச்சை. போனட்டுல நெடுக ஒரு வெள்ளைக் கோடு. அந்த வண்டிக்குக் கார்ப்பரேட்டர் கழட்டி மாட்டுன கையி இது."

"வெள்ளைக் கோடு சரி. பச்சை இல்ல. செவப்பு."

"நீங்க தூர நின்னு பாத்தியோ, நான் கிட்ட நின்னுல்லா பாத்தேன்!"

காப்பி ஆறிப் போச்சு, முடிவு வரல. கறுப்பு வெள்ளை ஃபிலிம்ல செவப்பும் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாத்தான் விழும். படத்தை எவ்வளவு உசத்தி ஸ்கேனர்ல போட்டாலும் அந்தக் கலர் வராது, ஏன்னா படத்துல அது கிடையாது. அது இந்த ரெண்டு கிழவங்க மண்டையில மட்டும்தான் இருக்கு. ஒருத்தருக்கு எண்பதைத் தாண்டியாச்சு, இன்னொருத்தருக்கு எழுபத்தெட்டு. இவங்களை மாதிரி ஆளுங்க இந்த மாநிலம் முழுக்க இருக்காங்க. வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வர்றாங்க. நாம என்னடான்னா உக்காந்து கல்ஃப் நீலத்துக்கு எந்த ஷேடு நம்பர்னு தேடிக்கிட்டிருக்கோம். அந்த நம்பர் நூறு எடத்துல பத்திரமா இருக்குய்யா. அது எங்கயும் ஓடிப் போயிராது.

பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, பழைய கோடு ஓடிட்டிருக்கு, எழுதினவர் ரிட்டயர் ஆகப் போறார், ஒரு வரி கமெண்ட்கூட எழுதி வைக்கல. டேமேஜர் என்னடான்னா எதிர்த்த கம்பெனியோட டாகுமெண்டை எடுத்து அழகா பைண்டிங் பண்ணிட்டு இருக்கார். இதைத்தான் நாம செய்யுறோம்.

'திருநெல்வேலிக்காரனுக்கும் கார் ரேஸுக்கும் என்னலே சம்பந்தம்'னு கேக்குற நம்ம ஊர் மக்களுக்குத் தனியா ரெண்டு வார்த்தை. 1911ல டிவிஎஸ் கம்பெனியை ஆரம்பிச்ச டி.வி.சுந்தரம் ஐயங்கார் எந்த ஊர்? நம்ம திருக்குறுங்குடி. அந்தப் பேருல வர்ற டிவிஎஸ் ரேசிங் 1982ல இருந்து பைக் பந்தயத்துல இருக்கு. கங்கைகொண்டான் சிப்காட்ல டிராக்டருக்கும் காட்டு வண்டிக்கும் டயர் செஞ்சு உலகம் முழுக்க அனுப்புற ஏடிசி தொழிற்சாலையை 2016ல வாங்கினது யாரு? பந்தய டயருக்குப் பேர் போன யோகோஹாமா. சம்பந்தம் இல்லைங்கிறது நமக்கு நாமே சொல்லிக்கிட்டது.

அதைவிடப் பெரிய சம்பந்தம் ஒண்ணு இருக்கு. மாட்டு வண்டிப் பந்தயம். சிரிக்காதீங்க. நம்ம ஜில்லாவுலயும் தூத்துக்குடி ஜில்லாவுலயும் கோயில் கொடைன்னா வண்டிப் பந்தயம் உண்டு. பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவுக்கு ரோட்டோட ரெண்டு பக்கமும் ஊரே நிக்கும். பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் போக வர இத்தனை மைல்னு கணக்கு. வண்டிக்கு ஒரு சாரதி, துணைக்கு இன்னொருத்தர். இதுக்குப் பேர் எண்டுரன்ஸ் இல்லாம வேற என்ன? முதல் மைல்லயே விரட்டினா திரும்பி வர்றப்ப மாடு நின்னுரும். அதே கணக்குதான் பிரேக்குக்கும் டயருக்கும்.

அங்க போய் ஏதாவது ஒரு தாத்தாகிட்ட இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின பந்தயத்தைப் பத்திக் கேளுங்க. எந்த ஊர் வண்டி, யாருடைய மாடு, எந்தத் திருப்பத்துல முந்துச்சுன்னு சொல்லுவார். மறக்காம கலர் சொல்லுவார். 'வலத்த மாடு செவலை, இடத்த மாடு மயிலை.' காரின்னா காரி, பில்லைன்னா பில்லை. மைக்குல அத்தனை தடவை ஊர் பேரும் மாட்டுக்காரர் பேரும் கத்துறதால அது ஊர் மண்டையில ஏறி உக்காந்துருச்சு. பேப்பர்ல எழுதாமலே மாட்டோட நிறத்தைக் காப்பாத்தத் தெரிஞ்ச சனத்துக்கு, காரோட நிறத்தைக் காப்பாத்தத் தெரியலன்னா எப்படி நம்புறது? அக்கறை இல்லை, வேற ஒண்ணுமில்லை.

'கார் பந்தயம் பணக்காரன் விளையாட்டு, அதுக்கு எதுக்கு இவ்ளோ அழுகை'ன்னு தோழர்கள் வருவாங்க. வாங்க. ஓட்டினவன் பணக்காரன்தான், இல்லைன்னு நான் சொல்லல. கார்ப்பரேட்டர் கழட்டினவர் பாளையங்கோட்டை மேஸ்திரி. ஓட்டினவன் போட்டோவாவது அவன் வீட்டுச் சுவத்துல தொங்கும். மேஸ்திரியோட கை எங்கயும் பதிவாகல. எனக்கு அழுகை அந்தக் கைக்குத்தான்.

சரி, குறை மட்டும் சொன்னா எப்படி. என்ன செய்யலாம்னு கேட்டா, என் யோசனை இது. இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர். 500 கிலோமீட்டர்னா 135 சுற்று. சுற்றுக்கு ரெண்டு நிமிஷம்னு வச்சாலும் நாலரை மணி நேரம். நம்ம டூரிங் கார் பந்தயம் பெரும்பாலும் சில சுற்றுலயே முடியுற ஸ்பிரின்ட். நாலரை மணி நேரம்னா கதையே வேற. ரெண்டு டிரைவர் வேணும். மெட்ராஸ் வெயில்ல மூடின காருக்குள்ள உக்காந்திருக்கணும். பெட்ரோல் நிரப்பணும், டயர் மாத்தணும், பிரேக் கட்டை தேயும். மேஸ்திரிகள் ஜெயிக்க வைக்கிற பந்தயம் அது. வர்ணத்துக்கு ஒரே ஒரு விதி போதும்: இந்தியாவுல ஓடின பந்தயக் காரோட வர்ணமா இருக்கணும், அதை நேர்ல பாத்த ஒரு ஆளையாவது கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து கிரிட்ல நிக்க வைக்கணும். சோழவரத்து ஃபியட், ஹெரால்டு, அப்புறம் எஸ்டீம், மாருதி 800, எதுவா வேணா இருக்கட்டும். செவப்பா பச்சையான்னு தீரலைன்னா ரெண்டு காரை ரெண்டு கலர்லயும் ஓட விடுங்க. பெரியப்பா ஒண்ணுக்குக் கை தட்டட்டும், மேஸ்திரி இன்னொண்ணுக்கு.

கூட்டம் வருமான்னு சந்தேகப்படுறவங்க, 2024 ஆகஸ்ட் கடைசியில தீவுத்திடலைச் சுத்தி ராத்திரி வெளிச்சத்துல ஃபார்முலா 4 நடந்ததை நினைச்சுப் பாருங்க. 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அஜித்குமார் டீம் தன் பிரிவுல மூணாவதா வந்தப்ப நம்ம தெருவெல்லாம் எப்படி இருந்துச்சு? 24 மணி நேரப் பந்தயம்னா என்னன்னே தெரியாத சனம் ராத்திரி முழிச்சு உக்காந்து பாத்துச்சு. அந்தக் கார்ல தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தோட சின்னம் இருந்ததைப் படம் படமா எடுத்துப் போட்டோமே. கார்மேல நம்ம அடையாளம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தாலே அவ்ளோ சந்தோஷப்படுறோம். முழுக் காரும் நம்ம கலர்ல வந்தா?

இன்னும் ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். மறைமலை நகர்ல ஃபோர்டு 1999ல ஐகான் விட்டது ஞாபகம் இருக்கா? 'ஜோஷ் மெஷின்'னு விளம்பரம். 2021ல கிளம்பறோம்னு அறிவிச்சு, 2022ல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. மெல்போர்ன்ல பூட்டின அதே ஃபோர்டு. அவங்க பூட்டுறப்ப அந்த ஊர் தன் பழைய கார் கலரை எல்லாம் திரட்டிப் பந்தயத்துல ஓட்டிக் காமிச்சது. நாம பூட்டுறப்ப என்ன பண்ணோம்? செகண்ட்ஸ் விலை இறங்குமான்னு கேட்டோம். 2025 ஆகஸ்ட்ல தூத்துக்குடியில வின்ஃபாஸ்ட் தொழிற்சாலை திறந்திருக்காங்க. தாமிரபரணி கடல்ல சேருற ஜில்லாவுலயே இப்ப கார் தயாராகுது. அதுல வேலைக்குச் சேந்த எங்க தெருப் பையன் ஒருத்தன்கிட்ட, வெளிய வர்ற காரைக் கலரோட ஒரு நோட்டுல எழுதி வைலேன்னு சொன்னேன். 'எதுக்குண்ணே'ன்னு கேட்டான். வைலே, பொறவு சொல்லுதேன்னுட்டேன்.

டிஸ்கி (போட மாட்டேன்னுதான் சொன்னேன், ஆனா வேண்டியிருக்கு): உங்க வீட்டுலயும் சோழவரத்துப் படம் இருக்கலாம். அப்பா, சித்தப்பா, மாமா யாராவது பாத்திருக்கலாம். படத்தை மட்டும் அனுப்பாதீங்க. என்ன கார், எந்த வருஷம், என்ன கலர்னு அவங்க வாயால கேட்டு எழுதிப் பின்னூட்டத்துல போடுங்க. ஹெரால்டு பத்தி யாருக்காவது தெரிஞ்சா ரொம்ப நல்லது. எங்க வீட்டுல இன்னும் சண்டை ஓயல :-)